ஏற்றிவிடும் கிளட்ச் இறக்கிவிடுமா?

பழைய கார் வைத்திருப்பவர் யாராவது "கிளட்ச் போயிருச்சு" என்று வாய்தவறிச் சொல்லட்டும். சுற்றி நிற்பவர்களிடமிருந்து உடனே மூன்று யோசனைகள் வரும். "போடுறதுதான் போடுற, ஹெவி டியூட்டியா பார்த்துப் போட்டுரு" என்பது ஒன்று. "பிளேட்டை மட்டும் மாத்து, மத்ததெல்லாம் ஓடும்" என்பது இரண்டாவது. "பழைய பிளேட்டுக்கே லைனிங் அடிச்சுக்கோ, பாதிக் காசு மிச்சம்" என்பது மூன்றாவது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எந்த மாற்றமும் செய்யாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் ஒரு பழைய வண்டிக்கு இந்த மூன்றுமே பெரும்பாலும் தவறான யோசனைகள்.

மதுரையிலோ திருச்சியிலோ ஓடும் வண்டி என்றால் இந்தத் தவறு கொஞ்சம் பண நஷ்டத்தோடு போய்விடும். போடிநாயக்கனூர் பக்கம் அப்படி இல்லை. போடியிலிருந்து மேற்கே போனால் முந்தல். அங்கே சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று குரங்கணிக்கு, அதற்கு மேல் ஜீப்பும் கால்நடையும்தான். இன்னொன்று போடிமெட்டு வழியாக மூணாறு போகும் தேசிய நெடுஞ்சாலை 85. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முப்பது கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து இந்தப் பக்கம் ரோப்வேயில் இறங்கியது. டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவந்த ரயில் பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது. இன்று ஏலக்காய், ஆள், அரிசி, நோயாளி எல்லாமே சக்கரத்தில்தான் ஏறி இறங்குகின்றன. அந்தச் சக்கரங்களில் பாதி பழைய ஜீப். மீதியில் இன்னமும் மாருதி 800-ம் ஆம்னியும் கண்ணில் படுகின்றன.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வந்த கார். 2010-ல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியோடு உற்பத்தியும் நின்றது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கிளட்ச்சுக்கு ஒரு கேபிள். இதை இன்னும் ஓட்டுபவர்களில் பலர் ஆசைக்காக வைத்திருப்பவர்கள் இல்லை, வேறு வண்டி வாங்க முடியாதவர்கள். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய் என்று மத்திய அரசு கட்டணத்தையும் ஏற்றிவிட்டது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு கிளட்ச் செலவு என்பது சின்ன விஷயமே இல்லை. அதனால்தான் அந்தச் செலவைச் சரியாகச் செய்ய வேண்டும்.

முதலில் கிளட்ச் என்ன செய்கிறது?

என்ஜினோடு சேர்ந்து ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸோடு சேர்ந்து கிளட்ச் பிளேட் சுற்றுகிறது. பிரஷர் பிளேட் என்பது வில் வைத்த ஒரு மூடி. அது கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நாம் பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், ரிலீஸ் பேரிங் அந்த வில்லை அழுத்தும், பிடி தளரும். பெடலை விட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

முழுதாகப் பிடித்திருக்கும்போது பிளேட் தேய்வதில்லை. முழுதாக விட்டிருக்கும்போதும் தேய்வதில்லை. பாதி பிடித்து, பாதி வழுக்கும் அந்த நேரத்தில்தான், அதாவது நாம் "ஹாஃப் கிளட்ச்" என்று சொல்லும் நேரத்தில்தான் தேய்கிறது. கிளட்ச்சின் ஆயுள் கிலோமீட்டரில் இல்லை, அந்த விநாடிகளில் இருக்கிறது.

அந்த விநாடிகளில் எவ்வளவு சூடு உண்டாகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நாலு பேரோடு மாருதி 800 ஏறக்குறைய ஒரு டன். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் நிற்கிறது. பிரேக் போடாமல், முதல் கியரில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார் டிரைவர். என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று. முதல் கியரில் என்ஜின் சுமார் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இதை வைத்துப் பார்த்தால், கிளட்ச்சில் சுமார் 2,500 வாட் சூடு உண்டாகிறது. வெந்நீர் போட வாளிக்குள் தொங்கவிடும் 1,000 வாட் ஹீட்டர் தெரியுமில்லையா, அதில் இரண்டரை ஹீட்டரை அந்தச் சின்னப் பெட்டிக்குள் போட்டு எரிப்பதற்குச் சமம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் திரும்புவதற்காக ஒரு நிமிடம் இப்படி நின்றாலே போதும், கருகிய வாடை வந்துவிடும்.

சரி, ஹெவி டியூட்டி போட்டால் என்ன?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஹெவி டியூட்டி என்றால் பெரும்பாலும் வில்லின் அழுத்தம் அதிகம், அல்லது லைனிங் வேறு வகை, அல்லது இரண்டும். என்ஜினை மாற்றி, சக்தியைக் கூட்டியவர்களுக்கு அது தேவை. ஏனென்றால் கூடுதல் முறுக்குவிசையைப் பழைய கிளட்ச் தாங்காது. மாற்றம் எதுவும் செய்யாத 800-ன் என்ஜினோ அதிகபட்சம் 60 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் முறுக்கும். அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தாங்கும்படிதான் கம்பெனி கிளட்ச்சை வடிவமைக்கிறார்கள். வண்டியில் நாலு பேர் ஏறினாலும் எட்டு பேர் ஏறினாலும் என்ஜின் முறுக்குவது அதே 60-தான். எட்டு பேர் ஏறியதால் என்ஜினுக்குப் புதுச் சக்தி வந்துவிடாது. ஆகவே நல்ல நிலையில் உள்ள அசல் கிளட்ச் ஓட்டத்தில் வழுக்க வேண்டிய அவசியமே இல்லை. வழுக்குகிறது என்றால் அது தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை. இவற்றுக்கெல்லாம் ஹெவி டியூட்டி மருந்து இல்லை.

அதோடு பக்கவிளைவுகளும் உண்டு. பெடல் கனமாகிவிடும். பதினேழு வளைவிலும் இடது கால் அந்தக் கனத்தை மிதிக்க வேண்டும். கேபிளும் ரிலீஸ் பேரிங்கும் கூடுதல் இழுப்பை வாங்கும். ரேஸ் வண்டிக்குப் போடும் செராமிக் வகை லைனிங்காக இருந்தால் பிடிப்பு மெதுவாக வராது, வெடுக்கென்று பிடிக்கும். ஏற்றத்தில் கிளப்பும்போது வண்டி துள்ளும். அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். கிளட்ச் பிளேட் என்பது வீட்டு மின்சாரப் பெட்டியில் இருக்கும் ஃப்யூஸ் மாதிரி. விலையுள்ளது பிழைக்க வேண்டும் என்பதற்காக விலை குறைந்தது முதலில் போகும்படி வைத்திருக்கிறார்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பவரை நாம் புத்திசாலி என்று சொல்வதில்லையே?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும்.

போடி, தேவாரம் பக்கமிருந்து தினமும் விடிவதற்கு முன்பே ஜீப்களில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவது அங்கே ரகசியம் இல்லை. அதிகச் சுமையோடு ஒவ்வொரு முறை ஏற்றத்தில் கிளப்பும்போதும் ஹாஃப் கிளட்ச் நேரம் நீளும், சூடு கூடும், வாடை வரும், பிளேட் சீக்கிரம் போகும். உண்மையில் அந்த வாடை வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. "சுமை அதிகம்" என்று அது சொல்லிப் பார்க்கிறது. சூட்டை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் ஹெவி டியூட்டியைப் போட்டால் அந்த எச்சரிக்கை வாய் மூடிக்கொள்ளும். சுமை மட்டும் அப்படியே இருக்கும்.

மேலே ஏறிய சுமை சாயங்காலம் கீழே இறங்க வேண்டும். ஒரு டன் எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுபடும் சக்தி சுமார் 2.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது மேலே சொன்ன ஹீட்டரை இரண்டே முக்கால் மணி நேரம் போடுவதற்குச் சமம். இரண்டு டன் என்றால் இரண்டு மடங்கு. அதில் கொஞ்சத்தைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் என்ஜினின் இழுப்பும் பிரேக்கும்தான் வாங்கியாக வேண்டும். ஹெவி டியூட்டி கிளட்ச் போட்டவர்களில் எத்தனை பேர் அதே நாளில் பிரேக்கையும் பலப்படுத்தினார்கள்? கிளட்ச் ஏற்றிவிடும். இறக்கிவிடுவது அதன் வேலை இல்லை.

இதற்கு ஜீப் டிரைவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆள் கணக்குக்குத்தான் அவருக்குக் காசு. டீசல் விலை அவர் கையில் இல்லை. தொழிலாளியின் கூலியிலிருந்து பெரிய வண்டிக் கூலி கேட்கவும் முடியாது. ஆள் குறைத்து ஓட்டு என்று சொல்பவர்கள், அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்றும் சொல்ல வேண்டும். ஆட்களை வேலைக்கு அழைக்கும் தோட்டங்களும் இரண்டு மாநில அரசுகளும் பேச வேண்டிய விஷயம் அது. ஆனால் அந்தப் பிரச்சினையை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு தடித்த கிளட்ச் வாங்கித் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது மட்டும் தப்புக்கணக்கு.

அப்படியானால் எதை வாங்குவது?

பதில் ரொம்ப எளிது. வண்டி வெளிவந்தபோது என்ன அளவு கிளட்ச் இருந்ததோ, அதே அளவு. ஆனால் முழு செட். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒன்றாக. கம்பெனி பெயரில் வரும் உதிரிபாகமும் சரி, கார் கம்பெனிகளுக்கே கிளட்ச் செய்துகொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பதும் சரி. லுக், வேலியோ, எக்ஸிடி போன்ற பெயர்கள் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். லுக் கிளட்ச் நம் ஓசூரிலேயே தயாராகிறது. பெயரை விட முக்கியம், பெட்டியில் உள்ள பார்ட் நம்பர் உங்கள் வண்டியின் வருடத்துக்கும் மாடலுக்கும் பொருந்துகிறதா என்பது. நாலு கியர் 800, ஐந்து கியர் 800 என்று இரண்டும் உண்டு. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் பழைய பிளேட்டைப் பக்கத்தில் வைத்து விட்டத்தையும் நடுவில் உள்ள பற்களையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ஏன் முழு செட்? இது காமர்ஸ் கணக்கு. கிளட்ச் மாற்றுவதில் கஷ்டமான வேலை கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது. பிளேட் ஒன்றை மாற்றினாலும் மூன்றையும் மாற்றினாலும் அந்தக் கூலி ஒன்றுதான். உதாரணத்துக்கு, கூலி 2,000, பிளேட் 1,000, மற்ற இரண்டும் சேர்ந்து 1,500 என்று வைத்துக்கொள்வோம். பிளேட் மட்டும் மாற்றினால் 3,000. முழு செட் 4,500. "1,500 மிச்சம்" என்று தோன்றும். ஒரு வருடத்தில் பழைய ரிலீஸ் பேரிங் கத்த ஆரம்பித்தால் மறுபடி கூலி 2,000, பேரிங் விலை தனி. மிச்சம் பிடித்ததை விட அதிகமாகப் போய்விட்டது, வண்டி இரண்டு நாள் நின்றதும் கூடுதல் நஷ்டம். செலவைக் கடைசி ரசீதில் பார்க்கக் கூடாது, அடுத்த மூன்று வருடத்துக்கு மொத்தமாகப் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளோ வெடிப்போ இருக்கிறதா? இருந்தால் லேத்தில் கொடுத்து, கம்பெனி அனுமதித்த அளவுக்குள் சீவி எடுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது பிளேட் போட்டும் வண்டி கிளம்பும்போது நடுங்கும். அடுத்தது, என்ஜினின் பின்பக்க ஆயில் சீல். அது கசிந்தால் புது லைனிங்கில் எண்ணெய் இறங்கி, புதுச் செட்டும் பழசு மாதிரியே வழுக்கும். சீல் மலிவு. அதை விட்டுவிட்டு மூடியதால் வரும் செலவு மலிவு இல்லை.

லைனிங் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. பழைய பிளேட்டில் லைனிங்கை எடுத்துவிட்டுப் புது லைனிங்கை ரிவெட் அடித்துத் தருவார்கள். பாகமே கிடைக்காத பழைய வண்டிக்கு அது வேறு வழியில்லாத வழி. ஆனால் பிளேட்டின் நடுவில் அதிர்ச்சியைத் தாங்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் பழசாகவே இருக்கும். நடுப் பற்களின் தேய்மானமும் அப்படியே இருக்கும். 800-க்குப் புதுச் செட் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்போது மலைப்பாதைக்கு இது வேண்டாம்.

போலிச் சரக்கு இன்னொரு தலைவலி. பெட்டி அசல் மாதிரியே இருக்கும். இதற்கு ஒரே பாதுகாப்பு, பில். "பில் இல்லாம எடுத்துக்கோங்க, குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்குப் போகக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்குவதில் இருந்த லாபமும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. பில் இல்லையென்றால் வாரண்டி கேட்க முடியாது, சரக்கு போலி என்றால் யாரிடமும் போய் நிற்கவும் முடியாது.

இன்னொன்று. கிளட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் அது கிளட்ச்தானா என்று பாருங்கள். சமமான, ஆளில்லாத சாலையில் நாலாவது கியரில் மிதமான வேகத்தில் போய் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் வழுக்கல். முதலில் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். பெடலின் மேல்பகுதியில் இருக்க வேண்டிய தளர்வு வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்தத் தளர்வே இல்லையென்றால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் பத்து நிமிட வேலையில் தீரும் விஷயத்துக்கு கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள்.

பட்டறைத் தம்பிகளுக்கும் ஒன்று. பழைய கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே அதை முழுதாகத் தடை செய்துவிட்டது. கழற்றியதும் காற்றுக் குழாயை வைத்து அந்தத் தூசியை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். வண்டிக்காரரும் "சீக்கிரம் ஊதி முடிங்கப்பா" என்று அவசரப்படுத்தாமல் இருந்தால் நல்லது.

கடைசியாக, எவ்வளவு நல்ல கிளட்ச் போட்டாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது இடது கால்தான். பெடல் மேல் காலை ஓய்வுக்கு வைக்கக் கூடாது. ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக் போட வேண்டும், ஹாஃப் கிளட்ச்சில் தொங்கக் கூடாது. ஒதுங்க இடமில்லாத மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதியே சொல்கிறது. ஏற்றத்தில் நின்று கிளம்புவது எவ்வளவு சிரமம் என்பது மலையில் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். கீழே இறங்கும்போது ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்பவர், முகம் தெரியாத ஒருவரின் கிளட்ச்சைக் காப்பாற்றுகிறார்.

ஆக, அசல் அளவு, முழு செட், கையில் பில். ஹெவி டியூட்டிக்கு என்று எடுத்து வைத்த கூடுதல் பணம் இருந்தால் அதை பிரேக் ஷூவுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போடுங்கள். ஏற்றத்தில் கிளட்ச் போனால் வண்டி ஓரமாக நிற்கும், அடுத்த ஜீப் வரும்வரை காத்திருக்கலாம். இறக்கத்தில் பிரேக் போனால் காத்திருக்க நேரம் கிடைக்காது.